துக்பா மொட்டைமாடியில் வெள்ளியின் மேகங்கள்

சவூதி அரேபியாவில் 2020 மார்ச் 23-ஆம் தேதி ஊரடங்கு தொடங்கியது. இரவு ஏழு மணிக்கு மேல் யாரும் வெளியே நடமாடக் கூடாது. அல் கோபாரின் துக்பா பகுதி அப்படி ஓய்ந்து கிடந்து யாரும் பார்த்ததில்லை. வியாழக்கிழமை இரவென்றால் மறுநாள் விடுமுறை என்ற தெம்பில் தமிழ் மெஸ்களும் மலையாளிகளின் பக்காலா மளிகைக் கடைகளும் நிரம்பி வழியும் தெருக்கள் அவை. மார்ச் 26 வியாழக்கிழமை மாலை அந்தத் தெருக்களில் பூனைகள்தான் இருந்தன. நான்கு மாடிக் கட்டடம் ஒன்றின் மொட்டைமாடியில், தண்ணீர்த் தொட்டிகளுக்கும் டிஷ் ஆன்டெனாக்களுக்கும் நடுவே, ஆலங்காயத்துக்காரர் ஒருவர் தன் எட்டு அங்குலத் தொலைநோக்கியை மேற்கே திருப்பிக்கொண்டிருந்தார்.

சூரியன் ஐந்தே முக்கால் வாக்கில் மறைந்திருந்தது. வெள்ளி உச்சிக்கும் அடிவானத்துக்கும் நடுவில் தகதகவென்று நின்றது. இரண்டு நாளுக்கு முன்புதான், மார்ச் 24-இல், அது சூரியனிலிருந்து தன் அதிகபட்ச விலகலான 46 பாகையைத் தொட்டிருந்தது. மறைய இன்னும் மூன்று மணி நேரத்துக்கு மேல் இருந்தது. கேமராவின் கழுத்தில் ஒன்றேகால் அங்குல வட்டம் ஒன்றை அவர் திருகிப் பொருத்தினார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் கன்னங்கரேல் என்றிருக்கும் வட்டம். கண்ணுக்குத் தெரியும் ஒளி எதையும் அது விடாது. புற ஊதாவை மட்டும்தான் விடும்.

அவருடைய அறைத்தோழர் கீழக்கரைக்காரர், வயதில் மூத்தவர். ஏணிப்படியில் நின்று எட்டிப் பார்த்துக் கேட்டார்: “என்ன தம்பி, ஊரே பூட்டிக் கிடக்குது, நீங்க கருப்புக் கண்ணாடியப் போட்டுக்கிட்டு என்னத்தப் பாக்குறீங்க?”

“மேகம் பாக்குறேன் பாய்.”

பாய் அண்ணாந்து பார்த்தார். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை.

இந்த மேகத்தின் கதை காவலூரில் தொடங்கியது. ஆலங்காயத்திலிருந்து ஜவ்வாது மலையேறினால் காவலூர். 1986-இல் வானியலாளர் வைணு பாப்புவின் பெயர் சூட்டப்பட்ட வான் ஆய்வகம் அங்கே இருக்கிறது. 2.34 மீட்டர் விட்டமுள்ள ஆடி கொண்ட பெரிய தொலைநோக்கி, அதன் வெள்ளைக் குவிமாடம், சுற்றிலும் காடு. ஆலங்காயத்துக்காரர் எட்டாம் வகுப்பில் படித்தபோது பள்ளியிலிருந்து அங்கே அழைத்துப் போனார்கள். பார்வையாளருக்காக வைத்திருந்த சிறிய தொலைநோக்கியில் முதலில் நிலா, பிறகு வெள்ளி. நிலாவில் குழிகளையும் மேடுகளையும் கண்டு வாய் பிளந்த பையனுக்கு வெள்ளி ஏமாற்றமாக இருந்தது. புளி போட்டுத் துலக்கிய காசைப் பாதியாக வெட்டியது போல ஒரு துண்டு, அவ்வளவுதான்.

“சார், இதுல ஏன் ஒண்ணுமே இல்ல?”

“முழுக்க மேகம் தம்பி. மூடியிருக்கு.”

மேகம் என்றால் அதற்கு உருவம் இருக்குமே, ஐப்பசி வானத்தில் யானையும் மலையுமாகத் திரிகிறதே என்று பையனுக்குத் தோன்றியது. வரிசை நகர்ந்துவிட்டது, கேட்க முடியவில்லை.

கேட்டிருந்தால் கிடைத்திருக்கக்கூடிய விடை இது. வெள்ளியை மூடியிருப்பவை கந்தக அமிலத் துளிகளாலான மேகங்கள். சூரிய ஒளியில் முக்கால் பங்கை அவை அப்படியே திருப்பி அனுப்புவதால்தான் அந்தக் கிரகம் அத்தனை பளிச்சென்று இருக்கிறது. நம் கண் காணும் நிறங்களில் மேகத்துக்கு மேகம் வித்தியாசம் மிகக் குறைவு. 400 நானோமீட்டருக்குக் கீழே, கண் கைவிடும் எல்லையைத் தாண்டினால் நிலைமை மாறுகிறது. மேக உச்சியில் ஏதோ ஒரு பொருள் புற ஊதாவை விழுங்குகிறது. அது அதிகமுள்ள இடம் கருப்பாகத் தெரிகிறது. 1927-இல் அமெரிக்காவின் மவுண்ட் வில்சன் ஆய்வகத்தில் ஃபிராங்க் ராஸ் புற ஊதாவில் எடுத்த படங்களில்தான் அந்தக் கருந்திட்டுகள் முதன்முதலாகத் தெளிவாகப் பதிவாயின.

புற ஊதாவோடு ஆலங்காயத்துக்காரருக்குப் பிழைப்பிலேயே பழக்கம் உண்டு. இன்ஸ்ட்ருமென்ட் டெக்னீஷியன் வேலை. எண்ணெய், எரிவாயு ஆலைகளில் பம்புகளுக்கும் கம்ப்ரஸர்களுக்கும் மேலே கண்காணித்துக்கொண்டிருக்கும் ஃபிளேம் டிடெக்டர்களைச் சோதிப்பது அவர் பொறுப்புகளில் ஒன்று. புற ஊதா வகை டிடெக்டர், தீயிலிருந்து வரும் 185 முதல் 260 நானோமீட்டர் வரையான கதிரை மட்டும் பார்க்கும். சூரியனும் அந்தக் கதிரை அனுப்பத்தான் செய்கிறது. ஆனால் மேலே ஓசோன் படலம் அதைத் தரைக்கு விடாமல் தடுத்துவிடுகிறது. அதனால்தான் வளைகுடாவின் சுட்டெரிக்கும் நண்பகலிலும் அந்தக் கருவி ஏமாறாமல், ஒரு சிறு தீயை மட்டும் அடையாளம் காண்கிறது. தூரத்தில் ஒருவர் வெல்டிங் பற்றவைத்தால் மட்டும் ஏமாந்துவிடும். ஆகவே ஹாட் வொர்க் பெர்மிட் கொடுப்பதற்கு முன் டிடெக்டரை அணைத்துவைப்பார்கள்.

அந்த வேலையில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு அவர் முதலில் காட்டும் ஒரு செய்முறை உண்டு. டெஸ்ட் லேம்ப்பை டிடெக்டருக்கு நேரே பிடித்தால் அலாரம் வரும். பிறகு அதன் முகப்புக் கண்ணாடியில் எண்ணெய் பட்ட விரலால் ஒரு கோடு இழுப்பார். கண்ணுக்குக் கண்ணாடி சுத்தமாகத்தான் தெரியும், பின்னால் உள்ளதெல்லாம் தெரியும். லேம்ப்பைப் பிடித்தால் அலாரம் வராது. அந்த மெல்லிய எண்ணெய்ப் படலம் புற ஊதாவைக் குடித்துவிட்டிருக்கும். கண்ணுக்குச் சுத்தம் வேறு, புற ஊதாவுக்குச் சுத்தம் வேறு. பத்தாண்டுகளுக்கு மேலாக இதைச் சொல்லிக்கொடுத்த மனிதருக்கும் வானத்தின் பக்கம் திரும்பியபோது அது உடனே நினைவுக்கு வரவில்லை. வெள்ளியின் மேகங்களைப் படம் பிடிக்கும் முதல் இரண்டு முயற்சிகள் வீணாயின.

முதல் முயற்சி ஒரு கேமரா கடையில். 2018-இல் தொலைநோக்கி வாங்கிய கையோடு, கோபாரில் ஒரு கடைக்குப் போய் “யூவி ஃபில்டர்” என்று கேட்டார். எடுத்துக் கொடுத்தார்கள். தெளிந்த கண்ணாடி, மலிவு விலை. ஒரு வாரம் முழுக்க அதை மாட்டி வெள்ளியைப் படம் பிடித்தார். ஃபில்டர் இல்லாமல் எப்படி இருந்ததோ அப்படியேதான் இருந்தது. புகைப்படக்காரர்கள் லென்ஸில் மாட்டும் யூவி ஃபில்டரின் வேலை புற ஊதாவைத் தடுப்பது. கிரகப் படத்துக்கு வேண்டியது புற ஊதாவை விட்டு மற்ற எல்லாவற்றையும் தடுப்பது. பெயர் ஒன்று, வேலை நேர் எதிர். விற்றவருக்கும் இது தெரியாது, அதுவரை வாங்கியவருக்கும் தெரிந்திருக்கவில்லை. இதே தவற்றைச் செய்தவர்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள்.

இரண்டாவது முயற்சி கொஞ்சம் நெருங்கி வந்தது. ராட்டன் 47 என்ற அடர் ஊதா ஃபில்டர் பழைய காலத்திலிருந்தே வெள்ளிக்குப் பயன்படுகிறது; விலையும் கட்டுப்படியாகும். மாட்டினார். படத்தில் மங்கலாக ஏதோ தெரிந்தது, மகிழ்ந்தார். பிறகுதான் புரிந்தது: அந்த ஃபில்டர் ஊதாவை விடுவதோடு, சிவப்புக்கு அப்பாலுள்ள அகச்சிவப்பையும் கசியவிடும். ஃபிலிம் காலத்தில் இது பெரிய குறையில்லை, சாதாரண ஃபிலிமுக்கு அகச்சிவப்பு தெரியாது. இன்றைய சிலிக்கன் சென்சாருக்கு நன்றாகத் தெரியும். அவர் பிடித்திருந்தது பாதி ஊதாவும் பாதி அகச்சிவப்பும் கலந்த குழம்பு. அகச்சிவப்பைத் தடுக்கும் இன்னொரு ஃபில்டரைச் சேர்த்துப் போட்டதும் படம் கொஞ்சம் நேரானது. புதிதாகத் தொடங்குபவர் செலவைக் குறைக்க இன்றைக்கும் இது நல்ல வழிதான். ஆனால் இந்த ஜோடி பெரும்பாலும் 400 நானோமீட்டருக்கு மேலேதான் பார்க்கிறது. வெள்ளியின் மேகங்கள் நன்றாகக் கருக்கும் இடம் அதற்குக் கீழே.

கடைசியில் ஜெர்மனியின் பாடர் நிறுவனம் வெள்ளிக்கென்றே செய்யும் ஃபில்டரை வரவழைத்தார். 350 நானோமீட்டரை நடுவாக வைத்து ஏறத்தாழ 320 முதல் 390 வரை விட்டு, அகச்சிவப்பு உட்பட மற்ற அனைத்தையும் அடைத்துவிடும். ஆயிரம் ரியாலுக்கு மேல் ஆனது. மகளின் கல்லூரிக் கட்டணம் கட்டிய மாதம் அது. மனைவியிடம் விலையைச் சொல்ல இரண்டு வாரம் தயங்கினார். பார்சல் 2020 பிப்ரவரியில் வந்து சேர்ந்தது. மார்ச் நடுவில் வெளிநாட்டு விமானங்கள் நின்றுவிட்டன.

ஃபில்டர் வந்த பிறகுதான் தொழில் பாடம் நினைவுக்கு வந்தது. வெள்ளியிலிருந்து சென்சார் வரை அந்தக் கதிர் எதையெல்லாம் கடக்கிறது என்று ஒரு தாளில் எழுதினார், ஆலையில் ஒரு லூப் டிராயிங் வரைவதைப் போல. முதலில் காற்று. நீளம் குறைந்த அலைகளைக் காற்று அதிகமாகச் சிதறடிக்கும். 650 நானோமீட்டர் சிவப்போடு ஒப்பிட்டால் 350 நானோமீட்டர் கதிர் ஏறக்குறைய 12 மடங்கு சிதறும். அதனால் வெள்ளி உயரத்தில் இருக்கும்போதே எடுக்க வேண்டும். பகலிலும் கூடாது, பகல் வானமே புற ஊதாவில் பளபளக்கும். அடுத்து ஆடிகள். அலுமினியப் பூச்சு 350 நானோமீட்டரில் பத்தில் ஒன்பது பங்கைத் திருப்பியனுப்பும், ஆகவே சாதாரண நியூட்டன் வகைத் தொலைநோக்கி இதற்கு அருமையானது. வெள்ளி உலோகப் பூச்சுள்ள ஆடிகள் இந்த எல்லையில் கைவிட்டுவிடும். லென்ஸ் தொலைநோக்கிகள் புற ஊதாவில் ஒரு பங்கை விழுங்கும். மிச்சத்தையும் சரியான குவியத்துக்குக் கொண்டுவராது.

பிறகு பார்லோ லென்ஸ். அவருடைய தொலைநோக்கியின் குவியத் தூரம் 1,000 மில்லிமீட்டர். அந்த மாதம் 24 விகலை அகலமிருந்த வெள்ளி, சென்சார் மேல் 0.12 மில்லிமீட்டர்கூட வராது. சோனியின் ஐஎம்எக்ஸ்290 சென்சாரில் அது வெறும் 40 புள்ளி. இரட்டிப்பாக்க பார்லோ வேண்டும். இரண்டு மடங்கு பெரிதாக்கினால் படம் நான்கு மடங்கு மங்க வேண்டும் என்பது கணக்கு. அவர் அளந்தபோது ஏறக்குறைய ஏழு மடங்கு மங்கியிருந்தது. லென்ஸின் கண்ணாடியும் அதன் பூச்சும் மீதியைத் தின்றிருந்தன. மெல்லிய கண்ணாடியுள்ள ஒரு பழைய பார்லோவை மாற்றிப் போட்டதும் இழப்பு பாதியாகக் குறைந்தது.

கடைசியாகத் தூசி. வளைகுடாவில் இதைச் சொல்லாமல் முடியாது. இரண்டு வருடப் புழுதி ஆடியின் மேல் பொடியாகப் படிந்திருந்தது. அதற்கு மேல் கடற்காற்றின் உப்புப் பிசுக்கு. குளியலறை வாளியில் காய்ச்சி வடித்த தண்ணீரை ஊற்றி, ஒரு சொட்டு சோப்பு விட்டு, ஆடியை மூழ்கவைத்து, பஞ்சை அதன் எடையால் மட்டும் இழுத்து, அழுத்தாமல் கழுவினார். பாய் கதவருகே நின்று, குழந்தையைக் குளிப்பாட்டுவது போல இருக்கிறது என்றார். அப்படித்தான் இருந்திருக்கும்.

மார்ச் 26 மாலை லேப்டாப் திரையில் தெரிந்தது கொதிக்கிற பால் போல ஒரு அரைவட்டம். காற்றின் நெளிவு ஒரு நொடிகூட நிற்கவில்லை. நொடிக்கு 50 படம் என்ற கணக்கில் மூன்று நிமிடத் துண்டுகளாகப் பதிவு செய்தார். வியாழனை இப்படி எடுப்பவர்களுக்கு அவகாசம் குறைவு. அது பத்து மணி நேரத்துக்குள் ஒரு சுற்று சுற்றிவிடும், சில நிமிடங்களிலேயே படம் இழுபட்டுவிடும். வெள்ளியின் மேகங்கள் மணிக்கு நான்கு பாகைக்கும் குறைவாகவே நகர்வதால் அரை மணி நேரம்கூட நிதானமாகச் சேகரிக்கலாம். இரவு அறைக்குள் வந்து, ஆயிரக்கணக்கான படங்களில் சிறந்த இருபது சதவீதத்தை ஆட்டோஸ்டாக்கர்ட் மென்பொருளில் அடுக்கி, கூர்மையாக்கினார். நள்ளிரவு தாண்டிய நேரத்தில் வட்டின் நடுவே சாம்பல் நிறப் பட்டை ஒன்று தெரிந்தது. ஒரு முனை பிளந்து, சாய்ந்து விழுந்த ஒய் எழுத்தைப் போலிருந்தது.

அவர் யாருக்கும் அனுப்பவில்லை. பயம் இருந்தது. கூர்மையாக்கும் மென்பொருள் இல்லாததையும் வரைந்து காட்டும். 1896-இல் அமெரிக்காவின் பெர்சிவல் லோவல், பெரிய தொலைநோக்கியின் வாயைச் சுருக்கி வைத்துக்கொண்டு வெள்ளியில் சக்கரத்தின் ஆரங்கள் போன்ற கோடுகளைக் கண்டதாகச் சொன்னார். அந்த அமைப்பில் அவர் கண்டது தன் விழித்திரையின் இரத்தக் குழாய்களின் நிழலாக இருக்கலாம் என்று பின்னாளில் ஆராய்ந்தவர்கள் விளக்கினார்கள். அத்தனை பெரிய மனிதருக்கே அப்படி ஆனது.

சரிபார்க்க ஒரு வழி இருந்தது. அதைக் காட்டியவரும் ஓர் ஆர்வலர்தான். 1957-இல் காங்கோவின் பிராசவில் நகரில் நீதித்துறையில் பணியாற்றிய ஷார்ல் போயர் என்ற பிரெஞ்சுக்காரர், தானே அமைத்த ஏறத்தாழ 25 சென்டிமீட்டர் தொலைநோக்கியில் ஊதா ஃபில்டர் போட்டு வெள்ளியைத் தொடர்ந்து படம் எடுத்தார். ஒரே கருந்திட்டு நான்கு நாளுக்கு ஒரு முறை திரும்பி வருவதைக் கவனித்தார். பிக் து மிதி ஆய்வகத்தின் ஆன்ரி காமிஷெலும் அவரும் சேர்ந்து அதை வெளியிட்டார்கள். கிரகத்தின் தரை ஒரு முறை சுழல 243 நாள் ஆகும் என்பது 1960-களில் ரேடார் மூலம் தெரியவந்தது. அதன் மேகங்கள் நான்கே நாளில் சுற்றுகின்றன என்றால், மணிக்கு ஏறத்தாழ 400 கிலோமீட்டர் வேகக் காற்று ஓயாமல் வீச வேண்டும். பலர் நம்பத் தயங்கினார்கள். 1974 பிப்ரவரியில் மரைனர் 10 விண்கலம் வெள்ளியைக் கடந்தபோது எடுத்த புற ஊதாப் படங்கள் போயர் சொன்னதை உறுதிப்படுத்தின. வெளிநாட்டில் பிழைக்கப் போன ஒரு மனிதர், சொந்தத் தொலைநோக்கியில், வேலை நேரம் போக மிச்ச நேரத்தில் கண்டுபிடித்தது இது. கோபார் மொட்டைமாடிக்காரருக்கு அந்த வரலாற்றின் மேல் தனிப் பிரியம் இருந்ததில் வியப்பில்லை.

ஆக, அதே பட்டை திரும்பி வருகிறதா என்று பார்க்க வேண்டிய நான்காம் நாள், மார்ச் 30 திங்கட்கிழமை. ஈரக்காற்று கடலிலிருந்து ஏறி, எட்டு மணிக்குள் இரண்டாவது ஆடி முழுக்கப் பனித்துவிட்டது. ஹேர் டிரையரால் சூடு காட்டியும் பயனில்லை. ஒரு துண்டுப் பதிவுகூடத் தேறவில்லை.

ஏப்ரல் 3 வெள்ளிக்கிழமை, எட்டாம் நாள். அன்று வெள்ளி கார்த்திகைக் கூட்டத்துக்குள்ளேயே புகுந்து நின்றது. ஊரில் மணி எட்டாகியிருந்தபோது, கோபாரில் ஐந்தரைக்கு, மனைவிக்குப் போன் செய்தார்.

“மாடிக்குப் போய் மேற்கால பாரு. பெருசா ஒண்ணு மின்னுதா? அதுக்குப் பக்கத்துலயே பொடிப்பொடியா மீனுங்க.”

“தெரியுதுங்க. அதத்தான் நீங்களும் பாக்குறீங்களா?”

“இங்க இன்னும் பொழுது சாயல. சாஞ்சதும் பாப்பேன்.”

போக்குவரத்து இல்லை, விடுப்பு இல்லை, எப்போது ஊர் திரும்ப முடியும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. ஒரே பொருளை இரண்டு பேரும் பார்க்கலாம் என்பது அந்த மாதத்தில் சின்ன விஷயமாக இல்லை.

அன்று காற்றும் அடங்கியிருந்தது. இரவு ஒரு மணிக்குப் படம் தயாரானது. ஒய் சற்று இடம் மாறி, ஒரு கை மெலிந்து இருந்தது, ஆனால் அதேதான். சந்தேகம் தீர, அதே மாலையின் வேறு இரண்டு பதிவுகளைத் தனித்தனியாக அடுக்கிப் பார்த்தார். இரண்டிலும் அதே இடத்தில் அதே பட்டை. பாயை எழுப்பினார். பாய் கண்ணைக் கசக்கிக்கொண்டு திரையை நெடுநேரம் பார்த்தார். “இது நெசமாவே அங்க இருக்குற மேகமா தம்பி?” என்று கேட்டார். “ஆமா பாய். எட்டு நாளைல கிட்டத்தட்ட ரெண்டு தடவ சுத்திட்டு வந்துருக்கு.”

ஏப்ரல் 6 முதல் கோபாரில் ஊரடங்கு 24 மணி நேரமும் ஆனது. ஆலைக்கு அனுமதிச்சீட்டுள்ள பேருந்து மட்டும் ஓடியது. ரமலான் தொடங்கிய மூன்றாம் நாள், ஏப்ரல் 26 மாலை, இளம்பிறையும் வெள்ளிப் பிறையும் மேற்கில் அருகருகே நின்றன. நோன்பு திறந்த பிறகு கட்டடத்தில் இருந்தவர்கள் இடைவெளி விட்டு ஒவ்வொருவராக மாடியேறி வந்து பார்த்தார்கள். அதற்குள் வெள்ளி மெலிந்து அரிவாள் போலாகியிருந்தது. மேகம் காட்ட வட்டில் இடம் இல்லை. ஜூன் 3-இல் அது சூரியனுக்கும் பூமிக்கும் நடுவே புகுந்து காலைப் பக்கம் போய்விட்டது.

அந்த ஃபில்டரை மற்ற கிரகங்களிலும் போட்டுப் பார்த்தார். வியாழனும் சனியும் புற ஊதாவில் மிக மங்கல். எட்டு அங்குலத்துக்குப் பெரிய பயன் இல்லை. செவ்வாயின் மெல்லிய பனி மேகங்கள் ஊதாவிலும் புற ஊதாவிலும் தெரியும். ஆனால் அந்த வேலையை வளைகுடாவே விண்ணுக்கு எடுத்துப்போய்விட்டது. 2021 பிப்ரவரியில் செவ்வாயை அடைந்த ஐக்கிய அரபு அமீரகத்தின் ஹோப் விண்கலம், புற ஊதாவிலும் படமெடுக்கும் கேமராவைச் சுமந்து சென்றது. வெள்ளி ஒன்றுக்காகவே அந்த ஆயிரம் ரியால் தகும் என்பதுதான் அனுபவத்தில் வந்த முடிவு.

வெள்ளியின் மேகத்தில் புற ஊதாவை விழுங்கும் அந்தப் பொருள் எது என்பது இன்னும் முடிவாகவில்லை. 320 நானோமீட்டருக்குக் கீழே கந்தக டை ஆக்சைடு என்று தெரியும். அதற்கு மேலே, இந்த ஃபில்டர் பார்க்கும் இடத்தில் விழுங்குவது எது? இரும்புக் குளோரைடு என்கிறார்கள், கந்தகச் சேர்மங்கள் என்கிறார்கள். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் வெள்ளியின் மேகங்களைப் பல பத்தாண்டுகளாக ஆராய்ந்த இந்திய வம்சாவளியினரான சஞ்சய் லிமாயே, 2018-இல் வெளியான ஒரு கட்டுரையில், நுண்ணுயிர்களுக்கும் அதில் பங்கிருக்கலாமா என்ற கேள்வியைத் தன் குழுவினரோடு முன்வைத்தார். ஜப்பானின் அகாட்சுகி விண்கலம் 2015 டிசம்பரில் வெள்ளியின் சுற்றுப்பாதையை அடைந்து 283, 365 நானோமீட்டர்களில் பல்லாண்டு படமெடுத்தும் அந்தக் கேள்வி முடியவில்லை. ஆயிரம் ரியால் கண்ணாடியில் மொட்டைமாடியிலிருந்து தெரிகிற கருப்புதான் இத்தனை பேரையும் தூங்கவிடாமல் வைத்திருக்கிறது.

அவர் இப்போது ஊரோடு வந்துவிட்டார். தொலைநோக்கி ஆலங்காயத்து மாடியில் இருக்கிறது, ஆடியில் உப்புப் பிசுக்கு இல்லை. வெள்ளி எட்டு ஆண்டுக்கு ஒரு முறை அதே தேதிகளில் அதே இடத்துக்கு வரும். நீங்களும் முயல்வதானால், சூரியன் முழுதாக மறைந்த பிறகே தொலைநோக்கியைத் திருப்புங்கள். ஃபில்டர் வாங்கும்போது, இது புற ஊதாவைத் தடுப்பதா, விடுவதா என்று கேட்டு வாங்குங்கள். 2024 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை 1,236 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் அளித்த இஸ்ரோவின் வெள்ளி விண்கலத்தை 2028 மார்ச்சில் ஏவத் திட்டமிட்டிருக்கிறார்கள். அதற்கு அடுத்த மாதம், ஏப்ரல் தொடக்கத்தில், வெள்ளி மறுபடியும் கார்த்திகைக் கூட்டத்துக்குள் வந்து நிற்கும்.